பெற்றோர் லண்டனில்! பிள்ளை பாட்டியிடம்!

இங்கிலாந்தில் நர்சு வேலை பார்க்கும் ஒரு பெண், திருநெல்வேலியில் இருக்கும் தன் பிள்ளையைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள மனு போடலாம். அதே ஊரில், அதே முதியோர் இல்லத்தில், கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சோறூட்டும் பராமரிப்பு ஊழியராகப் புதிதாகச் சேர்ந்த பெண், தன் பிள்ளையை அழைத்துக்கொள்ள முடியாது. 2024-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி வந்த சட்டம் இது.

நர்சு பெற்றதும் பிள்ளை. பராமரிப்பு ஊழியர் பெற்றதும் பிள்ளை. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு கணக்கைக் காட்டியது. 2023 செப்டம்பருடன் முடிந்த ஓராண்டில் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள் சுமார் 1 லட்சம் பேர். அவர்களோடு வந்த கணவன், மனைவி, பிள்ளைகள் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். வேலைக்கு வந்தவர்களை விடக் கூட வந்தவர்கள் அதிகமாம்! குடும்பம் என்றால் அப்படித்தானே இருக்கும்? ஆனாலும் கதவை அடைத்துவிட்டார்கள்.

அந்தத் தேதிக்கு முன்பே வேலையில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. 2025 ஜூலை 22-ந் தேதி, வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு ஊழியர்களைப் புதிதாக வரவழைப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே இடைப்பட்ட 16 மாதங்களில் கப்பலேறியவர்கள்தான் (இந்தக் காலத்தில் விமானம் ஏறியவர்கள்) வகையாக மாட்டிக்கொண்டார்கள். வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பிள்ளை மட்டும் ஊரில் இருக்கிறது. படிக்கப் போகிறவர்கள் நிலையும் ஏறக்குறைய இதுவே. 2024 ஜனவரி 1 முதல், ஆராய்ச்சிப் படிப்புக்காரர்களும் சர்க்கார் உதவிப் பணத்தில் படிப்பவர்களும் தவிர, மற்ற மாணவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது.

பழைய சந்தேகம்

இது நேற்று முளைத்த தகராறு அல்ல. காமன்வெல்த் நாட்டு மக்கள் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்த வழியை 1962-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு குறுக்கியது. அப்போதும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடம் போய்ச் சேரலாம் என்று விட்டுவைத்தார்கள். 1968-ல் அதிலும் கை வைத்தார்கள். தகப்பன் மட்டும் அங்கே இருந்துகொண்டு, தாயை ஊரில் விட்டுவிட்டு, வயது வந்த மகனை வேலைக்கு அழைத்துக்கொள்கிறான் என்பது குற்றச்சாட்டு. தாய், தகப்பன் இருவரும் இங்கிலாந்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படி வந்ததுதான்.

பிறகு வயது பற்றிய சந்தேகம் பிறந்தது. பையனுக்கு 15 வயது என்று தகப்பன் சொல்வான். 19 இருக்கும் என்று அதிகாரி சொல்வார். எலும்பையும் பல்லையும் எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கப் பார்த்தார்கள். எலும்பு வளர்ச்சி பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதை வைத்துப் பிறந்த தேதியைச் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் கண்டித்தார்கள். 1982-ல் அந்தப் பழக்கம் நின்றது.

அடுத்த சந்தேகம், இவன் உண்மையிலேயே உன் மகன்தானா என்பது. இங்கிலாந்தில் பிறந்து, கானா நாட்டுக்குப் போய்த் தகப்பனிடம் இருந்துவிட்டுத் தாயிடம் திரும்பி வந்த ஒரு சிறுவனை லண்டன் விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். அவள் தாயா, பெரியம்மா சித்தி முறையா என்பது கேள்வி. சாதாரண ரத்தப் பரிசோதனையால் அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி 1984-ல்தான் மரபணு ரேகை முறையைக் கண்டுபிடித்திருந்தார். தகப்பனின் ரத்தம் கிடைக்காதபோதும், உடன்பிறந்த மூவரின் மரபணுவை வைத்து, அவள் பெற்ற தாயே என்று 1985-ல் நிரூபித்தார். சர்க்கார் வழக்கைக் கைவிட்டது. இன்று கொலைகாரனைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் பயன்படும் டி.என்.ஏ. சோதனை, முதன்முதல் உதவியது ஒரு பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பதற்கே!

உதவிக்கு வந்த கருவியே பிறகு உபத்திரவமானது. சட்டத்தில் இடமில்லாமலே பலரிடம் மரபணுச் சோதனை கேட்டு வற்புறுத்தியது வெளியாகி, 2018 அக்டோபரில் அன்றைய உள்நாட்டு மந்திரி சஜித் ஜாவித் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். அவரே பாகிஸ்தானிலிருந்து குடியேறியவரின் மகன்.

"தனிப் பொறுப்பு"

ரத்த உறவை நிரூபித்துவிட்டால் விசா கிடைத்துவிடுமா? அதுதான் இல்லை. இப்போது நம் ஊர்ப் பெண்களை அலைக்கழிப்பது வேறொரு நிபந்தனை.

தாயும் தகப்பனும் இருவருமே இங்கிலாந்தில் இருந்தால், அல்லது சேர்ந்து போனால், பெரிய சிக்கல் இல்லை. ஒருவர் மட்டும் அங்கே இருந்தால், பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அவருடையதே என்று காட்ட வேண்டும். மற்றவர் இறந்திருந்தால் இந்தக் கேள்வி எழாது. பிள்ளையை வர விடாமல் தடுப்பது கொடுமை என்னும்படியான மிகக் கடுமையான காரணம் இருந்தாலும் வழி உண்டு. ஆனால் அந்த வழி மிகக் குறுகலானது.

கணவன் கைவிட்ட ஒரு பெண் வேலைக்கு வெளிநாடு போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. சாப்பாடு போடுவதும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பாட்டிதான். அப்படியானால் பொறுப்பு தாயுடையதா, பாட்டியுடையதா?

2006-ல் ஏமன் நாட்டு வழக்கு ஒன்றில் குடியேற்ற அப்பீல் மன்றம் இதற்கு விளக்கம் தந்தது. அன்றாடப் பராமரிப்பு உறவினர் கையில் இருக்கலாம். எந்தப் பள்ளிக்கூடம், என்ன வைத்தியம் என்ற முக்கியமான முடிவுகளை எடுப்பவர் யார் என்பதே கேள்வி. வளர்ப்பின் கடிவாளம் தாயின் கையில் இருந்தால் போதும். ஆனால் தகப்பனும் பிள்ளையின் வாழ்க்கையில் பங்கெடுத்துக்கொண்டிருந்தால், தாயின் "தனிப் பொறுப்பு" நிலைப்பது அபூர்வம்.

நல்ல விளக்கம்தான். நடைமுறையில்தான் கஷ்டம். மாதாமாதம் பணம் அனுப்பிய ரசீதுகளை அடுக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பணம் மட்டும் போதாது. பள்ளிக்கூடம் தாயுடன் நடத்திய கடிதப் போக்குவரத்து, ஆபரேஷனுக்குத் தாய் கொடுத்த சம்மதம், குடும்ப நல கோர்ட்டின் தீர்ப்பு போன்றவைதான் எடுபடும். நம் ஊரில் எத்தனை பேர் பிரிவதற்குக் கோர்ட்டுக்குப் போகிறார்கள்? பஞ்சாயத்துப் பேசி, தாலியைக் கழற்றாமலே தாய்வீடு வந்துவிடுகிறவர்கள்தான் ஏராளம். அப்படிப்பட்டவளுக்குக் காட்டக் காகிதம் இருக்காது. பிள்ளையை எட்டிப் பார்க்காத தகப்பன், பொங்கலுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்திருந்தால் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டத்தில் ஓர் ஓட்டை

குழந்தைகளைக் கருணையோடு நடத்தும்படி பிரிட்டனில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1989-ல் ஐக்கிய நாடுகள் சபை கொண்டுவந்த குழந்தைகள் உரிமை ஒப்பந்தம், குடும்பம் ஒன்றுசேரும் மனுக்களை மனிதாபிமானத்தோடும் விரைவாகவும் கவனிக்கச் சொல்கிறது. பிரிட்டன் 1991-ல் அதை ஏற்றது. ஆனால் குடியேற்ற விஷயத்தில் கட்டுப்பட மாட்டோம் என்று ஒரு நிபந்தனையும் போட்டது. அதை வாபஸ் வாங்கியது 2008-ல். மறு ஆண்டே குழந்தைகள் நலனைக் கவனிக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். எந்தக் குழந்தைகள்? பிரிட்டனுக்குள் இருக்கும் குழந்தைகள்! விசாவுக்காகச் சென்னையில் காத்திருக்கும் குழந்தை அந்தச் சட்டத்தின் எழுத்துக்குள் வராது. கதவுக்கு உள்ளே இருப்பவனுக்குக் குடை கொடுத்துவிட்டு, வாசலில் நனைகிறவனைப் பார்க்காத கதைதான்.

பண விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 6 முதல் பிள்ளைக்கான சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுன் ஆகிவிட்டது. நர்சு போன்ற மருத்துவ விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு இது கிடையாது. அதுபோக, 6 மாதத்துக்கு மேல் தங்க இந்தியாவிலிருந்து போகும் குழந்தைக்குக் காச நோய் சான்றிதழ் தேவை. 11 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரே எடுப்பதில்லை.

பெயர்த் தகராறும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முழுதாக என்றிருந்தால், குடும்பப் பெயர் வழக்கமில்லாத தமிழர் சங்கதி அந்த ஊர் அதிகாரிக்குப் புரியாது. மனுவோடு விளக்கம் எழுதி வைத்துவிடுவது நல்லது.

வயது வரம்பு 18. மனுக் கொடுக்கும் தேதியில் 18 நிறையாமல் இருக்க வேண்டும். முடிவு வருவதற்குள் பிறந்த நாள் வந்துவிட்டாலும், அந்த ஒரு காரணத்தால் மறுக்க மாட்டார்கள். 17-ஐத் தாண்டிய பிள்ளை உள்ளவர்கள், மற்றக் காகிதங்களுக்குக் காத்திருந்து அந்தத் தேதியைத் தவறவிட்டால், அப்புறம் அதை எந்த அப்பீலாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.