விளையாட்டு யாருக்கு, கையெழுத்துப் பயிற்சி யாருக்கு?

நாங்கள் மாலை நேரத்தில் நடத்தும் கூடத்துக்கு நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். பக்கத்து நகரத்துத் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறாள். ஒருநாள் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து 'டீச்சர்' விளையாட்டு விளையாடினாள். கையில் ஈர்க்குச்சி. எல்லோரையும் வாயில் விரல் வைக்கச் சொன்னாள். பிறகு இரண்டு பொம்மைகளை மட்டும் எடுத்துச் சுவரோரம் நகர்த்தினாள். "நீங்கல்லாம் காலனி வேன்ல வர்றவங்க. பின்னாடி உக்காருங்க" என்றாள்.

யாரும் அவளுக்கு இதைப் பாடமாக நடத்தியிருக்க மாட்டார்கள். பார்த்ததைத்தான் விளையாடினாள். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்த வகுப்பறைக்கு அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

அதே நகரத்தில் இந்த ஆண்டு இன்னொரு மழலையர் பள்ளி திறந்திருக்கிறார்கள். 'விளையாட்டு வழிக் கல்வி', 'புத்தகச் சுமை இல்லை', 'கேஜி வகுப்புக்கு முழுத் தயாரிப்பு' என்று பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். மணல் தொட்டி, மர ஊஞ்சல், களிமண், ஓவிய அறை எல்லாம் இருக்கின்றன. கட்டணத்தைக் கேட்டு வந்த தோழர், அது நம் தெருவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் பாதி என்றார். ஆக, வசதி உள்ள வீட்டுப் பிள்ளை மண்ணில் விளையாடப் பணம் கட்டுகிறது. நம் வீட்டுப் பிள்ளை, அம்மா வட்டிக்கு வாங்கிய பணத்தில், நான்கு கோட்டு நோட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதுகிறது. இந்தத் தலைகீழ்தான் நமக்குக் கோபம் தருகிறது.

இந்த முறை யாருக்காகத் தொடங்கியது என்று பாருங்கள். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அது ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இடம். அதே மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அயோத்திதாசப் பண்டிதரின் தூண்டுதலில் ஆல்காட் 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதும் இதே சென்னையில்தான். இன்று அதே நகரத்தில் 'மாண்டிசோரி' என்ற பெயர்ப்பலகை எந்தத் தெருக்களில் தொங்குகிறது, எந்தத் தெருக்களில் தொங்கவில்லை என்று ஒருநாள் நடந்து பாருங்கள், தோழர்களே.

"விளையாட்டெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்குச் சரி. நம்ம பிள்ளைக்கு ஏ பி சி டி வரணும்." இதை நம் வீடுகளில்தான் அதிகம் கேட்கிறோம். அந்தச் சிறுமியின் அம்மாவும் அதையே சொன்னார். "பால்வாடியில விட்டா விளையாடிட்டு, சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டு வருது அக்கா. நாளைக்குப் பெரிய பள்ளிக்கூடத்துல ஒரு எழுத்து தெரியலைன்னா எம்புள்ளையத்தானே மட்டம்னு சொல்லுவாங்க?" இதை அறியாமை என்று ஒதுக்கினால் நமக்குச் சமூகவியல் படித்து என்ன பயன்? மேல்சாதி வீட்டுப் பிள்ளை எழுத்துத் தெரியாமல் போனால் "குழந்தைதானே" என்பார்கள். நம் பிள்ளை தெரியாமல் போனால் சாதியைக் காரணம் சொல்வார்கள். ஆங்கில எழுத்துகளை அந்த அம்மா கேடயமாக வாங்குகிறார். அவருக்கு நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கேடயம் பிள்ளையைக் காக்கிறதா என்று கேட்கத்தான் வேண்டும். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருக்காது. பென்சில் பிடிக்க விரலுக்கு வலு வேண்டும். அது களிமண் பிசைவதில், பூ கோப்பதில், புளியங்கொட்டை பொறுக்குவதில் வருகிறது. அதே புளியங்கொட்டையை ஐந்தைந்தாகக் குவிக்கும்போது எண் வருகிறது. ஒரு சொம்புத் தண்ணீரை மூன்று டம்ளரில் ஊற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு அளவு புரிகிறது. கடை வைத்து விளையாடும்போது பேரம் பேசுகிறது, தன் முறைக்குக் காத்திருக்கிறது, எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறது. முதல் வகுப்பு ஆசிரியருக்குத் தேவைப்படுவதும் இதுதான்: அம்மாவை விட்டு அழாமல் இருக்கிற, கேட்டதற்குப் பதில் சொல்கிற, தெரியாததைக் கேட்கிற பிள்ளை. பார்த்து எழுதி மனப்பாடமான இருபத்தாறு எழுத்து ஒரு மே மாத விடுமுறையில் மறந்துபோகும்.

நம் தெருவில் இதற்குப் பஞ்சமும் இல்லை. நுங்கு வண்டி ஓட்டாத பிள்ளை உண்டா? பனையோலைக் காற்றாடி, பல்லாங்குழி, பறையடிக்குத் தாளம் பிடிக்கும் கை, வாய்க்காலில் நண்டு பிடிக்கும் பொறுமை. இவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் 'கற்றல் உபகரணம்'. தெருவில் செய்தால் 'ஊர் சுற்றுது'.

அரசு மையங்களுக்குப் பாடத்திட்டம் இல்லாமல் இல்லை. அங்கன்வாடிகளுக்கென்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' இருக்கிறது. விளையாட்டு வழியில் எழுதப்பட்டதுதான். அதை நடத்த இடம் வேண்டும், ஆள் வேண்டும். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் கணக்கு, செல்பேசிச் செயலியில் பதிவு, இவை எல்லாம் ஒரே பணியாளர் தலையில். அவருக்குத் தருவது சம்பளம்கூட அல்ல, 'மதிப்பூதியம்'. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. இந்த நிலையில் அவர் எந்த நேரத்தில் பாப்பாவை ஆடவைப்பார்?

2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நம் மக்கள் நம்பிச் சேர்த்தார்கள். 2022 ஜூனில் ஆசிரியர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் வகுப்புகள் தொடரும் என்றார்கள். தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் நமக்குள்ள 25 விழுக்காட்டு இடமும், மத்திய, மாநில அரசுகளின் நிதிச் சண்டையில் 2025-26 கல்வியாண்டில் மாதக்கணக்கில் முடங்கியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது நம் முற்போக்கு நண்பர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். விளையாட்டு தானாகச் சாதியை ஒழித்துவிடாது. வட்டமாக நின்று கை கோக்கும்போது எந்தக் கையை யார் பிடிக்கிறார்கள், ஒரே பானையில் தண்ணீர் குடிக்கிறார்களா, ஊருக்குள் இருக்கும் மையத்துக்கு நம் பிள்ளை நடந்து போகும் வழி எது, நம் பேச்சுத் தமிழைக் கேட்டு ஆயா சிரிக்கிறாரா, இவையும் பாடத்திட்டம்தான். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியர் பெண் சமைத்தால் தங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று பெற்றோர் பள்ளிக்கூடத்தின் முன் நின்றார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் எத்தனை வயதில் அதைக் கற்றிருப்பார்கள்? சாக்குத் துணியில் தனியே உட்கார்ந்து படித்த அம்பேத்கரின் காலம் போய்விட்டது என்பவர்கள் எங்கள் கூடத்துக்கு வந்து, அந்தச் சிறுமி நகர்த்தி வைத்த பொம்மைகளைப் பார்க்கலாம். விளையாட்டு வழிக் கல்வி என்றால், அந்த விளையாட்டைப் பார்த்து ஆசிரியர் பதறியிருக்க வேண்டும். "ஏன் அவங்க பின்னாடி? இன்னைக்கு அவங்கதான் டீச்சர்" என்று பொம்மையை முன்னால் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் அன்று வைத்தோம். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஈர்க்குச்சியை அந்தப் பொம்மையின் கையில் கொடுத்தாள்.

வேலைக்கு வருவோம். 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. புதிய மையங்கள் தலித், பழங்குடிக் குடியிருப்புகளில் இருந்து தொடங்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து, மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைத்துத்தர வேண்டும். நாங்கள் வேலை செய்யும் தெருவில் கணக்கெடுத்தோம், 46 பிள்ளைகள். மையம் ஊருக்குள், தார்ச்சாலையைத் தாண்டி இருக்கிறது. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு மனு எழுதி, பெயர்ப் பட்டியலை இணைத்து, தெருப் பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சிறுமியின் அம்மாவும் போட்டார். வருகிற திங்கட்கிழமை மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கப் போகிறோம். உங்கள் தெருவில் ஆறு வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர் என்று இந்த வாரம் எண்ணிவிடுங்கள்.