ஸ்பிரிங் கெட்டியானால் போதுமா?

எதிர்வீட்டுப் பையன் சம்பளத்தைச் சேர்த்து வைத்துப் பழைய மாருதி ஜிப்சி வாங்கியிருக்கிறான். ராலி ஓட்டப் போகிறானாம். "ஸ்பிரிங்குக்கு ரெண்டு பிளேட் சேர்த்துக் கெட்டியாக்கிடலாமா மாமா?" என்றான். வேண்டாம் என்றேன்.

சோழவரத்தில் ரேஸ் பார்த்த நம் தலைமுறைக்கு, தரையை ஒட்டி விறைப்பாக ஓடுவதுதான் வேகமான கார். ஆனால் அது பழைய விமான ஓடுதளம். ராலி பெரும்பாலும் மண்பாதை, கல், பள்ளம். ஸ்பிரிங் ரொம்பக் கெட்டியானால் சக்கரம் எகிறும். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் திரும்பாது, பிரேக்கும் பிடிக்காது.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளிருக்கும் ஆயில் சின்னத் துளைகள் வழியே போய்வந்து, துள்ளலைச் சூடாக மாற்றுகிறது. தொடர்ந்து குலுங்கினால் ஆயில் கொதித்து நுரைத்து, பிடிப்பு போய்விடும். ஆகவே இருக்கிற பணத்தை முதலில் அதிக ஆயில் கொள்ளும் நல்ல ஷாக்குகளில் போடுவதே புத்திசாலித்தனம். ஸ்பிரிங்கைப் பிறகு பார்க்கலாம்.

சந்தேகமிருந்தால் நங்கநல்லூர் வேகத்தடைகளில் ஓட்டிப் பார்க்கட்டும். ஏறி இறங்கியதும் வண்டி அடங்க வேண்டும். மறுபடி மறுபடி ஆடினால் ஷாக் போச்சு.

பக்கத்து சீட்டில் வழி சொல்ல உட்காரப் போவது அவன் தம்பி. அந்த முதுகெலும்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.