கிரோன் நோய்: வலி குறைந்ததை வைத்து முடிவெடுக்கக் கூடாது

சிறுகுடலைத் தாக்கும் கிரோன் நோயில் நோயாளி உணர்வதும் குடலில் நடப்பதும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. வலி நின்று, எடை கூடி, ஆள் தெளிவாக இருப்பார். ஆனால் உள்ளே குடல்சுவர் புண்ணாகித் தடித்து, பாதை சுருங்கிக்கொண்டிருக்கும். அடைப்பு ஏற்பட்டு அறுவைச் சிகிச்சைக்கு வரும்போதுதான் உண்மை தெரியும். கொலோனோஸ்கோப்பிக் குழாய் சிறுகுடலின் கடைசிப் பகுதியோடு நின்றுவிடும். அதற்கு மேலே பல மீட்டர் நீளத்தில் விட்டுவிட்டு வரும் புண்கள் அதன் கண்ணில் படாது. மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு கூடியிருந்தால் அழற்சி உண்டு என்று ஊகிக்கலாம். எங்கே என்று தெரியாது. அதனால்தான், நோயைக் கண்டறியும்போதும் மருந்து தொடங்கிச் சில மாதங்கள் கழித்தும் எம்.ஆர்.ஐ. எடுப்பதை அரசு மருத்துவமனைகள் வழக்கமாக்க வேண்டும் என்கிறேன்.

எம்.ஆர். என்டரோகிராபி எனப்படும் இந்த ஸ்கேனுக்கு நோயாளி பட்டினியாக வந்து, மேனிட்டால் போன்ற கரைசலை ஒரு லிட்டருக்கு மேல் மெல்லக் குடிக்க வேண்டும். குடல் விரியும்போது சுவர் தெளிவாகத் தெரியும். சுவரின் தடிப்பு, நீர்க்கோவை, புண், ஊசிவழி செலுத்திய கான்ட்ராஸ்ட் மருந்தைச் சுவர் உறிஞ்சும் அளவு ஆகியவற்றைக் கூட்டி மதிப்பெண் தரும் முறையைப் பார்சிலோனா மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு குடல்பகுதிக்கு 7 வந்தால் நோய் முனைப்பாக இருக்கிறது. 11 என்றால் கடுமை. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட இப்படியொரு அளவுகோல் வேண்டாமா?

நம் நாட்டில் குடல் காசநோயும் இதே இடத்தில், இதே தோற்றத்தில் வருகிறதே என்பது வலுவான ஆட்சேபம். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியாது. பயாப்ஸி தேவை, சிலருக்குக் காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்க்கவும் வேண்டும். ஆனால் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வு இங்கேதான் உதவுகிறது. காசநோய் மருந்து சாப்பிட்ட கிரோன் நோயாளிகளில் கணிசமானோருக்குத் தொந்தரவு குறைந்தது. புண் ஆறியவர்களோ மிகச் சிலர். அவர்கள் பார்த்தது கொலோனோஸ்கோப்பியில். தொந்தரவு குறைந்ததாலேயே புண் ஆறிவிட்டது என்று எண்ணக் கூடாது என்ற அந்தப் பாடம் குழாய் எட்டாத இடத்துக்கும் பொருந்தும்.

செலவும் காத்திருப்பும் அடுத்த தடை. சி.டி. விரைவானதுதான், அவசரத்துக்கு ஏற்றதும்கூட. ஆனால் இளவயதில் தொடங்கி ஆயுள் முழுக்கத் தொடரும் நோய்க்கு மீண்டும் மீண்டும் கதிர்வீச்சு தருவது சரியல்ல. பயிற்சி பெற்றவர் இருந்தால் இடையிடையே அல்ட்ராசவுண்ட் போதும். 2018-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சிறுகுடலில் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. 80 விழுக்காட்டினரிடமும் அல்ட்ராசவுண்ட் 70 விழுக்காட்டினரிடமும் சரியாகக் காட்டின. மலிவான கருவிக்கு அது நல்ல மதிப்பெண்.  டெல்லியில் அரசு மருத்துவமனை அனுப்பும் நோயாளிகளுக்குத் தனியார் மையங்களில் ஸ்கேன் எடுக்க டெல்லி ஆரோக்ய கோஷ் என்ற ஏற்பாடும் உண்டு. அந்தப் பரிந்துரைச் சீட்டில் வெறுமனே வயிற்று எம்.ஆர்.ஐ. என்று எழுதினால் பயனில்லை. கரைசல் குடிக்காமல் எடுத்த படத்தில் குடல் சுருங்கியே கிடக்கும். எம்.ஆர். என்டரோகிராபி என்று மருத்துவர் எழுத வேண்டும், அதைப் படிக்கப் பழகிய கதிரியல் நிபுணருக்கே அது போக வேண்டும்.