ரெயினுக்கு ஹெட்போன் வாங்கப் போறீங்களா?

வெளிச்சத்தத்தை அடக்கும் ஹெட்போன் என்றால் அது பணத்திமிர் என்று எங்கள் பெரியவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சிட்னியின் மேற்கே இரண்டு அறை யூனிற்றில் அப்பா, அம்மா, தம்பி, அம்மம்மா என்று எல்லாரோடும் வளர்கிற பிள்ளைக்குத் தனியாக இருக்கக் கிடைக்கிற ஒரே இடம் ரெயின்தான். வீட்டில் ஒரு பக்கம் சீரியல், மற்றப் பக்கம் குக்கர் விசில், வட்ஸ்அப்பில் ஸ்பீக்கர் போட்டபடி யாழ்ப்பாணத்து மாமி. பென்டில் ஹில்லில் ஏறி ரெட்ஃபெர்னில் இறங்கும் வரைக்கும்தான் எனக்கு வாசிக்கிற நேரம், யோசிக்கிற நேரம், சும்மா இருக்கிற நேரம். சிட்னி ரெயின்களில் அமைதிப் பெட்டி என்று ஒன்று உண்டு. ஆனால் அது நியூகாசில், புளூ மவுண்டன்ஸ் பக்கம் போகிற நீண்டதூர ரெயின்களுக்குத்தான். எங்கள் லைனில் அந்த அமைதியைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும்.

எதை வாங்குவது என்பதில்தான் நண்பர்களோடு எனக்கு வாக்குவாதம். எது கூடுதலாகச் சத்தத்தை மறைக்கிறது என்று மட்டும் அவர்கள் பார்க்கிறார்கள். வெளிச்சத்தம் தேவைப்படுகிற நேரத்தில் அதை எவ்வளவு சுலபமாக உள்ளே விடலாம் என்பதுதான் முதல் கேள்வி என்று நான் சொல்கிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஹெட்போனில் இருக்கிற சின்ன மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கும். உள்ளே இருக்கிற சிப் அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். விமானத்தின் இரைச்சல், ரெயின் ஏசி, பஸ் எஞ்சின் போன்ற ஒரே சீரான தாழ்ந்த சத்தத்துக்கு இது நல்லாக வேலை செய்யும். பேச்சு, குழந்தையின் அழுகை, தவிலில் விழுகிற அடி போல திடீரென வருகிற சத்தத்தை இதனால் அந்த அளவுக்குப் பிடிக்க முடியாது. அவற்றைத் தடுப்பது காதை இறுக்கி மூடுகிற பஞ்சும் ரப்பரும்தான். ஆகவே கடைக்காரர் சத்தமே கேட்காது என்று சொன்னால் எந்தச் சத்தம் என்று திருப்பிக் கேளுங்கள். பக்கத்து சீற்றில் ஸ்பீக்கர் போட்டு ரிக்ரொக் பார்க்கிறவரை முழுதாக அழிக்கிற ஹெட்போன் எதுவும் இன்னும் என் கைக்கு வரவில்லை.

இந்த வித்தையைப் பிரபலமாக்கியவர் அமர் போஸ். எங்களைப் போல அவரும் இரண்டாம் தலைமுறைதான். அவருடைய அப்பா வங்காளத்தில் ஆங்கிலேயருக்கு எதிரான அரசியலில் ஈடுபட்டு, 1920இல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். 1929இல் பிலடெல்பியாவில் பிறந்த மகன், போர்க்காலத்தில் குடும்ப வருமானத்துக்காக ரேடியோ திருத்திக் கொடுத்த பெடியன். 1978இல் சூரிச்சிலிருந்து பொஸ்ரனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பாட்டுக் கேட்கவில்லையாம். அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். விமானிகளுக்கான ஹெட்செட் 1989இலும், எங்களைப் போன்ற பயணிகளுக்கானது 2000இலும் கடைக்கு வந்தன. அதே 1978இல்தான் மெல்பேர்ணில் கிரேம் கிளார்க் காது கேளாத ஒருவருக்குத் தன் பல்சானல் கொக்லியர் கருவியை முதல் தடவையாகப் பொருத்தினார். ஒருவர் சத்தத்தை வெளியே தள்ள, மற்றவர் உள்ளே கொண்டுவர. இதை நான் யாரிடம் சொன்னாலும் ஒரு தலையாட்டலோடு கதை முடிந்துவிடும், ஆனால் எனக்குப் பிடித்த தகவல்.

காதின் ஆரோக்கியத்துக்கும் இது நல்லது என்பதை அம்மா அப்பாவிடம் சொல்லலாம். உலக சுகாதார அமைப்பு சொல்கிற அளவு, பெரியவர்களுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம், 80 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணித்தியாலம், 86 என்றால் 10. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் என்று ஐந்து நாள் ரெயினில் போனால் அந்தப் பத்தும் அங்கேயே முடிந்துவிடும். ரெயின் இரைச்சலை அமுக்கப் பாட்டைக் கூட்டுவதுதான் இங்கே ஆபத்து. இரைச்சல் குறைந்தால் பாட்டைக் குறைத்தே கேட்கலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஹெல்த் செயலியில் தங்கள் ஹெட்போன் அளவைப் பார்க்கலாம். பார்த்தால் சிலருக்கு முகம் மாறும்.

அடுத்தது, சத்தத்தை உள்ளே விடுகிற வசதி. ட்ரான்ஸ்பேரன்சி, அம்பியன்ட், அவேர் என்று கம்பனிக்கு ஒரு பெயர். எல்லாம் ஒன்றுதான்: வெளியே நடப்பதை மைக் மூலம் காதுக்குக் கொடுப்பது. சோனியின் பெரிய ஹெட்போன்களில் வலது காது மூடியில் உள்ளங்கையை வைத்தால் பாட்டு அடங்கி வெளிச்சத்தம் வரும். இது எனக்குப் பிடிக்கும். நீங்கள் பேசத் தொடங்கினால் தானாகவே பாட்டை நிறுத்துகிற வசதியும் அதில் உண்டு. பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்கிற ஆட்கள் அதை ஓஃப் பண்ணிவிடுங்கள். ஏதோ செயலியைத் திறந்து மூன்று தடவை தட்டித்தான் மாற்றவேண்டும் என்றால், அந்த ஹெட்போன் எவ்வளவு நல்லதானாலும் எனக்கு வேண்டாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? பிளாற்போமில் "இந்த ரெயின் இனி 3ஆம் பிளாற்போமுக்கு வரும்" என்று ஒரு தடவை சொல்வார்கள், அவ்வளவுதான். 2024 டிசம்பரில் தொடங்கிய பரமற்றா இலகு ரெயில், சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த சேர்ச் ஸ்ட்ரீற்றுக்குள்ளாலேயே போகிறது, அதிகம் சத்தமும் போடாது. மெல்பேர்ண் பிள்ளைகளுக்கு ட்ராம் புதிதல்ல. 2011இல் யாரா ட்ராம்ஸ், ஒரு ட்ராமின் எடை 30 காண்டாமிருகம் என்று சொல்லி, ஸ்கேட்போர்டில் ஏறிய காண்டாமிருகத்தின் படத்தைப் போட்டு எச்சரித்தது. சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அந்த எடை உடனே நிற்காது. ரோட்டைக் கடக்கிற நேரம் ஒலியடக்கத்தை நிறுத்துங்கள்.

இரவில் தனியாக வருகிற பெண் பிள்ளைகள் பலர் பாட்டே போடாமல் ஹெட்போனை மாட்டியிருப்பார்கள். யாரும் கதை கொடுக்காமல் இருக்க அது ஒரு வேலி, ஆனால் பின்னால் வருகிற காலடியும் கேட்கவேண்டும். இந்த இரண்டையும் ஒரே சாமான் செய்யவேண்டும் என்று கேட்பது பெரிய ஆசை இல்லை.

அம்மம்மாவும் இருக்கிறா. வெஸ்ற்மீட் ஆஸ்பத்திரிக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போகிற நாளில் அறிவித்தலைக் கேட்டுச் சொல்கிற காது நான்தான். "என்ன பிள்ளை, இப்ப என்னவாம் சொன்னவங்கள்?" என்று கேட்டால் உடனே பதில் வேண்டும். அன்றைக்கு ஹெட்போன் பைக்குள். மற்ற நாளில் என்னுடைய நேரம் என்னுடையது. "எந்நேரமும் காதைப் பொத்திக்கொண்டு போகுதுகள்" என்கிற மாமிமாருக்கு என் பதில் அதுதான். சாப்பாட்டு மேசையிலும் கழற்றாத நண்பர்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

மற்றவை சின்ன விஷயம், ஆனால் காசு வீணாகிற இடம். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காதை மூடும் பெரிய ஹெட்போனில் கண்ணாடிக் காம்பு ஒரு இடைவெளி விடும், சத்தம் அதற்குள்ளால் நுழையும். பரதநாட்டிய வகுப்புக்கு ஜிமிக்கியோடு போகிறவர்களுக்கு இயர்பட்ஸ்தான் சரி. தலைக்கு எண்ணெய் வைக்கிற வீடென்றால் காது மெத்தை சீக்கிரம் உரியும், மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிற மொடலை எடுங்கள். இயர்பட்ஸோடு வருகிற மூன்று அளவு ரப்பரையும் மாற்றிப் பார்க்காமல் "இது சரியில்லை" என்று சொல்லாதீர்கள். பொருந்தாத ரப்பரோடு எந்த விலையுயர்ந்த சாமானும் வேலை செய்யாது.

கடையில் மாட்டிப் பார்க்கும்போது பாட்டைப் போடாமல் ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கள். கடையின் ஏசி இரைச்சல் எவ்வளவு குறைகிறது, காதில் அழுத்தம் மாதிரி ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். சிலருக்கு அந்த அழுத்தம் தலையிடி தரும். காதுக்குள் போடுகிற சாமானை, மனம் மாறிவிட்டது என்று சொன்னால் பல கடைகள் திருப்பி எடுக்காது. ஆனால் பழுதென்றால் கதை வேறு: ஒரு வருட வொறன்ரி முடிந்தாலும், நியாயமான காலம் உழைக்கவேண்டிய பொருள் என்றால் அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம். பெரிய பழுதுக்குக் காசா புதுசா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கலாம். கடைப் பற்றுச்சீட்டின் மை சில மாதத்தில் அழிந்துவிடும், வாங்கிய அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.