மிளகாய் பூசிய குதிரை... கசகசா தின்ற குதிரை!



குழம்பில் காரம் கொஞ்சம் கூடிவிட்டால் நமக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால், அதே காரம் ஓர் ஒலிம்பிக் பதக்கத்தையே பறித்த கதை உங்களுக்குத் தெரியுமா?

திருத்தங்கல், சிவகாசிக் குட்டிகளுக்கு மிளகாயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து ஊரான விருதுநகர், மிளகாய் வற்றல் வியாபாரத்துக்குப் பேர் போனது. வற்றல் மூட்டையைப் பிரிக்கும்போது அந்தப் பக்கம் போனாலே 'அச்' என்று தும்மல் வரும். அந்தக் காரத்துக்குக் காரணமான பொருளின் பெயர் கேப்சைசின். 2008-ல் நடந்த பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெரிய வம்பை இழுத்துவிட்டது இதுதான்.

குதிரைக்கு எதற்கு மிளகாய்?

ஒலிம்பிக்கில் குதிரையேற்றம் என்று ஒரு போட்டி உண்டு. அதில் ஒரு வகை, தடை தாண்டுதல். வீரர் குதிரை மேல் உட்கார்ந்துகொள்வார். வழியில் வரிசையாக மரக்கம்புகளைக் குறுக்கே வைத்திருப்பார்கள். எந்தக் கம்பையும் கீழே தள்ளிவிடாமல் குதிரை தாண்ட வேண்டும். கம்பு விழுந்தால் அபராதப் புள்ளி.

2008-ல் இந்தப் போட்டிகள் பெய்ஜிங்கில் நடக்கவில்லை, ஹாங்காங்கில் நடந்தன. அங்கே குதிரைகளைச் சோதித்தபோது, நான்கு குதிரைகளின் உடலில் கேப்சைசின் இருந்தது. அவற்றில் ஒன்று, நார்வே நாட்டு வீரர் டோனி ஆந்த்ரே ஹான்சனின் குதிரை காமிரோ.

கேப்சைசின் கலந்த களிம்பை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். தசை வலிக்குத் தடவினால் வலி குறையும். மனிதர்களுக்கும் இப்படிப்பட்ட களிம்பு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இன்னொரு பயன்பாடு கொடுமையானது. குதிரையின் முன்னங்காலில் தடவினால் தோல் எரியும். எரிகிற கால் கம்பில் பட்டால் உயிர் போகும் வலி. அந்தப் பயத்தில் குதிரை காலை இன்னும் உயரத் தூக்கித் தாண்டும்! வாயில்லாப் பிராணியை இப்படி வதைக்கலாமா? கூடாது. அதனால்தான் இந்தப் பொருளுக்குத் தடை.

'நான் ஏமாற்றவில்லை' என்றார் ஹான்சன். ஆனாலும் அவருடைய புள்ளிகள் ரத்தாயின. புள்ளிகள் போனதும், குழுப் போட்டியில் நார்வே வாங்கியிருந்த வெண்கலப் பதக்கமும் போயிற்று. கூட ஆடிய மற்ற வீரர்களின் குதிரைகள் சோதனையில் சிக்கவில்லை. ஆனாலும் அவர்களும் பதக்கத்தை இழந்தார்கள். விளையாட்டுத் துறை வழக்குகளை விசாரிக்கும் நடுவர் மன்றம் வரை போனார்கள். தீர்ப்பு மாறவில்லை.

அந்த வெண்கலம் சுவிட்சர்லாந்து அணிக்குக் கிடைத்தது. அந்த அணியில் ஸ்டீவ் கெர்டா என்ற வீரர் இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வருவார்!

யார் பொறுப்பு?

இந்த விளையாட்டுக்கு விதிகள் வகுப்பது சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பு. 1921-ல் தொடங்கிய அமைப்பு இது. தலைமையகம் சுவிட்சர்லாந்தில் உள்ள லொசான் நகரம்.

அதன் விதி ரொம்பக் கறாரானது. குதிரையின் உடலில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், சவாரி செய்த வீரர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் கொடுத்தாரா, லாயத்தில் வேலை பார்ப்பவர் கொடுத்தாரா, தீவனத்தில் கலந்து வந்ததா என்பதெல்லாம் அப்புறம். அந்தப் போட்டியின் முடிவு முதலில் ரத்தாகிவிடும்.

'இது அநியாயம்' என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். ஓட்டப்பந்தய வீரரிடம் 'என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்கலாம். குதிரையிடம் கேட்க முடியுமா? 'எனக்கு யாரோ ஊசி போட்டார்கள்' என்று அது புகார் கொடுக்குமா? 'எனக்குத் தெரியாது' என்று சொன்னாலே விட்டுவிடலாம் என்று விதி இருந்தால், ஏமாற்ற நினைக்கிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். குதிரைக்காகப் பேச ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பை விதி, வீரர் தலையில் வைக்கிறது.

நம் பள்ளிக்கூடத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 14 வயதுக்கு உட்பட்டோர் கபடிப் போட்டியில் உங்கள் பள்ளி கோப்பை வாங்குகிறது. அப்புறம்தான் தெரிகிறது, அணியில் ஒரு பையனின் வயதுச் சான்றிதழ் தவறு. அவனுக்கு 15 வயது! அது அவனுக்கே தெரியாது. இருந்தாலும் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஏன்? எதிரே ஆடிய அணியும் குழந்தைகள்தானே! அவர்கள் தங்களைவிடப் பெரிய பையனோடு மோதித் தோற்றிருக்கிறார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுப்பது நியாயம். ஆனால் அந்தப் பையனை 'ஏமாற்றுக்காரன்' என்று ஊரெல்லாம் சொன்னால் அது நியாயமா? இல்லை. கோப்பையை இழப்பது வேறு. குற்றவாளி ஆவது வேறு. இந்த இரண்டையும் குழப்பாமல் பார்த்தால் குதிரை வழக்குகள் எல்லாம் புரிந்துவிடும்.

தங்கம் போனது, களங்கம் போகவில்லை!

2004, ஏதென்ஸ் ஒலிம்பிக். தடை தாண்டுதலில் அயர்லாந்து வீரர் கீயன் ஓ'கானர் தங்கம் வென்றார். குதிரையின் பெயர் வாட்டர்ஃபோர்ட் கிறிஸ்டல். சோதனையில், குதிரையை அமைதிப்படுத்தும் மருந்துகள் அதன் உடலில் இருந்தது தெரிந்தது. ஒலிம்பிக்குக்கு முன்பு சிகிச்சையின்போது கொடுத்த மருந்து என்று விளக்கம் சொன்னார்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு மாதிரிகள் எடுப்பார்கள். முதல் மாதிரியில் தவறு தெரிந்தால் இரண்டாவதைச் சோதித்து உறுதி செய்வார்கள். ஓ'கானர் வழக்கில் அந்த இரண்டாவது சிறுநீர் மாதிரி, இங்கிலாந்தில் ஆய்வகத்துக்குப் போகும் வழியில் திருடு போய்விட்டது! துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது அல்லவா? ஆனால் உண்மை.

2005-ல் தீர்ப்பு வந்தது. 'ஓ'கானர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை' என்று விசாரணைக் குழுவே ஒப்புக்கொண்டது. ஆனாலும் தங்கம் பறிபோனது. மூன்று மாதத் தடையும் கிடைத்தது. அந்தத் தங்கம் பிரேசில் வீரர் ரோட்ரிகோ பெசோவாவுக்குப் போனது.

நான்கு வருடம் கழித்து ஹாங்காங்கில் அதே பெசோவாவின் குதிரை ரூஃபஸ் சோதனையில் மாட்டியது. கேப்சைசினின் நெருங்கிய சொந்தக்காரப் பொருள் ஒன்று அதன் உடலில் இருந்தது. பெசோவாவுக்கும் தடை! நேற்று விதியால் தங்கம் பெற்றவர், இன்று அதே விதியால் தண்டனை பெற்றார்.

கசகசா செய்த கலாட்டா

இப்போது நம் ஸ்டீவ் கெர்டா வருகிறார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நினோ என்ற குதிரையில் தங்கம் வென்றவர் இவர். அதே போட்டியில் வெண்கலம் வென்றவர் யார் தெரியுமா? ஓ'கானர்தான்! தடை முடிந்து திரும்பி வந்து, உழைத்து வாங்கிய பதக்கம்.

2015 மே மாதம் பிரான்ஸில் லா போல் என்ற ஊரில் ஒரு போட்டி. அங்கே கெர்டாவின் இரண்டு குதிரைகளின் உடலில் மார்ஃபின், கோடீன் போன்ற பொருட்கள் இருந்தன. இவை அபினிச் செடியிலிருந்து வருபவை. வலியை மறக்கச் செய்யும் மருந்துகள். ஜூலையில் கெர்டாவுக்குத் தற்காலிகத் தடை விதித்தார்கள். 'ஒலிம்பிக் சாம்பியன் மாட்டிக்கொண்டார்' என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது.

கடைசியில் என்ன ஆனது? குதிரைகள் தின்ற தீவனத்தில் கசகசா கலந்திருந்தது! நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கிறோமே, அதே கசகசாதான். அபினிச் செடியின் விதைதான் கசகசா. அதனால்தான் துபாய்க்குக் கசகசா கொண்டுபோகக் கூடாது என்று பெரியவர்கள் எச்சரிக்கிறார்கள். அங்கே அதற்குத் தடை இருக்கிறது.

கெர்டா மீதான தடை அந்த மாதமே விலக்கப்பட்டது. பிறகு, அவர் மேல் தவறே இல்லை என்றும் முடிவானது. ஆனால் லா போல் போட்டியில் அந்தக் குதிரைகள் பெற்ற முடிவுகள் ரத்தானது ரத்தானதுதான். இது சரிதான். தடை செய்யப்பட்ட பொருள் உடலில் இருந்த குதிரையோடு மற்றக் குதிரைகள் போட்டியிட்டிருக்கின்றன அல்லவா? கெர்டா நல்லவர் என்பதால் அந்த உண்மை மாறிவிடாது. 2008-ல் இந்த விதியால் வெண்கலம் பெற்ற கெர்டாவுக்கு, 2015-ல் இதே விதி சுட்டது.

நம் நாட்டில்...

குதிரையேற்றம் நமக்கும் தூரத்து விளையாட்டு இல்லை. பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வென்றார். 2023-ல் சீனாவின் ஹாங்ஸோ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியக் குழு தங்கமே வென்றது.

தற்காலிகத் தடை எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துகொள்ள, குதிரையை விட்டு இறங்கி, பளு தூக்கும் மேடைக்கு வருவோம். மணிப்பூரைச் சேர்ந்த சஞ்சிதா சானு 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றவர். 2017-ல் எடுத்த ஒரு மாதிரியைக் காட்டி, 2018 மே மாதம் அவருக்குத் தற்காலிகத் தடை விதித்தது சர்வதேசப் பளுதூக்கும் கூட்டமைப்பு. ஆனால் அந்தக் கடிதத்திலேயே மாதிரியின் எண் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருந்தது! தேர்வில் உங்கள் விடைத்தாளில் வேறொருவர் பதிவு எண் இருந்தால் எப்படி இருக்கும்? 2019-ல்தான் தடை விலகியது. 2020-ல்தான் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. சோதனை நடந்த விதத்தில் குறைகள் இருந்ததே காரணம். இரண்டு வருடம்! ஒரு விளையாட்டு வீராங்கனைக்கு அது எவ்வளவு பெரிய காலம்!

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022-ல் எடுத்த வேறொரு மாதிரியில் தவறு தெரிந்து, 2023-ல் சஞ்சிதாவுக்கு நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அது தனி வழக்கு. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் நடந்த குளறுபடியை நியாயப்படுத்த முடியாது. ஒவ்வொரு வழக்கையும் அதனதன் ஆதாரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தவிப்பு திருத்தங்கல் பிள்ளைகளுக்குப் புரியும். வாணவேடிக்கையில் பச்சை நிறம் தருவது பேரியம். பட்டாசில் பேரியம் உப்புகளைச் சேர்க்கக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கேயும் தடை செய்யப்பட்ட பொருள் உண்டு, சோதனை உண்டு. விதிமீறல் தெரிந்தால் ஆலையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் விசாரணை இழுத்துக்கொண்டே போனால், தவறே செய்யாத தொழிலாளி வீட்டிலும் வாரச் சம்பளம் நின்றுவிடும். ஆகவே கண்டிப்பு மட்டும் போதாது, வேகமும் வேண்டும்.

விதிகள் மாறுகின்றனவா?

மாறுகின்றன. 2010 முதல் குதிரையேற்றக் கூட்டமைப்பு இரண்டு பட்டியல்கள் வைத்திருக்கிறது. எப்போதுமே கொடுக்கக் கூடாத பொருட்கள் ஒரு பட்டியல். சிகிச்சைக்குக் கொடுக்கலாம், ஆனால் போட்டி நேரத்தில் உடலில் இருக்கக் கூடாது என்பவை இன்னொரு பட்டியல். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவரையும், காலில் மிளகாய் தடவியவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது அல்லவா? லாயத்தில் வேலை பார்ப்பவர், கால்நடை மருத்துவர் ஆகியோரையும் பொறுப்பாக்க இப்போது விதியில் இடம் உண்டு.

ஒரு வேடிக்கை கேளுங்கள். லாயத்தில் யாரும் சிறுநீர் கழிக்கக் கூடாது என்று கூட்டமைப்பே எச்சரித்திருக்கிறது! மருந்து சாப்பிடுகிறவர் வைக்கோலில் சிறுநீர் கழித்து, அதைக் குதிரை தின்றால், அந்த மருந்து குதிரையின் சோதனையில் வந்து நிற்கும். சுத்தம் சோறு மட்டுமா போடும்? பதக்கத்தையும் காக்கும்!

நாம் என்ன நினைக்கலாம்?

இனி செய்தித்தாளில் 'ஊக்கமருந்து, வீரருக்குத் தடை' என்று படித்தால், உடனே 'சீ, ஏமாற்றுக்காரர்' என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். இது தற்காலிகத் தடையா, இறுதித் தீர்ப்பா? இரண்டாவது மாதிரியைச் சோதித்தார்களா? அந்தப் பொருள் உடலுக்குள் எப்படி வந்தது என்று தெரிந்ததா?

சரி, இப்போது நீங்கள்தான் நடுவர். நார்வே அணியில் ஹான்சனின் குதிரை மட்டும் சோதனையில் சிக்கியது. மற்ற வீரர்களின் பதக்கத்தையும் நீங்கள் பறிப்பீர்களா, விட்டுவிடுவீர்களா? பதில் சொல்வதற்கு முன்னால், நான்காவது இடத்தில் நின்று வெறுங்கையோடு போன அணியையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குதிரையின் காலையும்தான். நாளைக்கு இடைவேளையில் நண்பர்களோடு இதைப் பேசிப் பாருங்கள்!