கிளவுட்டில் ‘ரீநேம்’ செய்கிறீர்களா? அழிப்பதைக் கடைசியில் வையுங்கள்!

லேப்டாப்பில் ஒரு ஃபைலின் பெயரை மாற்ற இரண்டு நொடி போதும். கிளவுட்டிலும் அப்படித்தானே என்று நம்பி ஆட்டோமேஷன் அமைத்தால், ஒருநாள் ஃபைலைக் காணோம் என்று தேட வேண்டிவரும்.

ஏன்? அமேசான் எஸ்3-இன் வழக்கமான பக்கெட்டுகளில் ஃபைலின் பெயரை மட்டும் மாற்ற வழியே கிடையாது. ஃபோல்டர் மாதிரி தெரிவதும் ஃபைல் பெயரின் முன்பகுதிதான். அதனால் பெயரை மாற்றினாலும், இடத்தை மாற்றினாலும் பின்னணியில் நடப்பது ஒன்றுதான்: புதிய பெயரில் காப்பி எடுப்பது, பழையதை அழிப்பது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆபத்து. 5 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஒரே கட்டளையில் காப்பி எடுக்க முடியாது. துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். அது பாதியில் நின்றதைக் கவனிக்காமல் ஸ்கிரிப்ட் பழையதை அழித்துவிட்டால்? போச்சு! அதே பெயரில் ஏற்கெனவே வேறு ஃபைல் இருந்தால், பொதுவாகக் கேட்காமலேயே அதன் இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும்.

கூகுள் டிரைவ் வேறு ரகம். பெயரோ ஃபோல்டரோ மாறினாலும் ஃபைலின் ஐடி மாறாது. ஆனால், ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் இருக்கலாம். பெயரை வைத்துத் தேடும் ஆட்டோமேஷன் தவறான இன்வாய்ஸை கஸ்டமருக்கு அனுப்பிவிடலாம்.

எனவே டிரைவில் ஐடியை நம்புங்கள். எஸ்3-இல் வெர்ஷனிங்கை ஆன் செய்து, காப்பி முழுசாக வந்ததா என்று சரிபார்த்த பிறகே அழியுங்கள். கையால் செய்யும் தப்பில் ஒரு ஃபைல் போகும். ஸ்கிரிப்ட் செய்யும் தப்பில், நாம் தூங்கி எழுவதற்குள் மொத்தமும் போய்விடும்.