திருகைத் தொட்டால் வாரண்டி போய்விடுமா?

"நீங்க கழட்டினா வாரண்டி போயிடும் சார்." லேப்டாப் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்களில் இதைக் கேட்காதவர் குறைவு. சின்ன வயதில் பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டுவார்களே, அந்த ரகம்தான் இது. "எந்த விதியில் இருக்கிறது, காட்டு தம்பி" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

நான் தொலைபேசி இலாகாவில் காலம் தள்ளியவன். அந்த நாளில் வீட்டில் இருந்த கறுப்புத் தொலைபேசி சந்தாதாரருக்குச் சொந்தமில்லை, இலாகாவின் சொத்து. அவர் வாடகை கட்டி உபயோகித்தார். அதனால் "திறக்காதீர்கள்" என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருந்தது. லேப்டாப் அப்படியா? முழு விலையும் ஜி.எஸ்.டி.யும் கட்டி, பில்லோடு வாங்கி வந்தது. விற்றவர் இன்னும் வீட்டுக்காரர் மாதிரி அதட்டினால் எப்படி?

பயத்தின் விலை என்ன தெரியுமா? எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் பேரனுடன் பேசத்தான் லேப்டாப் வாங்கினார். 4 ஜி.பி. ரேம், பழைய பாணி ஹார்டு டிஸ்க். இரண்டே வருடத்தில், ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக் குடித்து முடித்தாலும் திரை வரவில்லை. சர்வீஸ் சென்டரில் "புதுசு வாங்கிடுங்கம்மா" என்றார்கள். ரேமைக் கூட்டி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் தீர்கிற வியாதி அது. ஆனால் நீட்டிப்பு வாரண்டி போய்விடுமே என்ற பயத்தில் புதிதே வாங்கிவிட்டார். பென்ஷன் பணம்.

வாரண்டி என்பது என்ன? "நாங்கள் செய்த பாகத்தில் குறை இருந்தால் சரிசெய்து தருகிறோம்" என்ற வாக்கு. நான் போட்ட ரேமுக்கு அவர்கள் பொறுப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அதைச் செய்த கம்பெனியின் வாரண்டி தனியாக உண்டு. நான் திருப்புளியால் மதர்போர்டைக் கீறினால் அந்தச் செலவும் என் தலையில்தான். ஆனால் நான் ரேம் போட்டதற்கும், ஆறு மாதம் கழித்துத் திரையில் கோடு விழுந்ததற்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டென்றால் அதைக் காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

இது என் சொந்த வாதம் மட்டுமில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி முழுவதும் ரத்து என்று பொதுப்படையாக நிபந்தனை போடக் கூடாது. வெளி வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே ரத்து செய்யலாம் என்பது அந்த உத்தரவின் சாரம். அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. அது கார்களுக்கான உத்தரவுதான். ஆனால் காருக்கு உள்ள நியாயம் கம்ப்யூட்டருக்கு இல்லாமல் போகுமா? அமெரிக்காவில் 1975லேயே இதற்கு வாரண்டிச் சட்டம் வந்துவிட்டது. 'ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி ரத்து' என்பது போன்ற வாசகங்களுக்காக 2018ல் அங்குள்ள வர்த்தக ஆணையம் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் லேப்டாப் ஸ்டிக்கரைப் பெயர் சொல்லிப் பேசவில்லை. ஆனாலும் நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்த்துக் கேட்க அதில் வழி இருக்கிறது.

"வயசானவங்க கழட்டிக் கெடுத்துடுவாங்க" என்பார்கள். டெல், லெனோவோ, எச்.பி. போன்ற கம்பெனிகளே பல மாடல்களுக்கு மூடியைக் கழற்றுவது எப்படி, ரேமை மாற்றுவது எப்படி என்று படம் போட்டுக் கையேடு வெளியிட்டிருக்கின்றன. கம்பெனி கற்றுக்கொடுப்பதை கவுண்டரில் இருப்பவர் குற்றம் என்கிறார்!

உரிமை பேசினால் போதாது, முறையாகவும் செய்ய வேண்டும். முதலில் மாடல் எண், சீரியல் எண் போட்டுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "ரேமும் எஸ்.எஸ்.டி.யும் நானே மாற்றினால் வாரண்டி தொடருமா?" வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் ஆள்தான் செய்ய வேண்டும் என்றால் அவர்களிடமே செய்து, ஜாப் ஷீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். டி.டி.ஆர்.4 இடத்தில் டி.டி.ஆர்.5 பொருந்தாது; கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்து, பிட்லாக்கர் மீட்புச் சாவியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, கையேடு சொல்கிறபடி பேட்டரி இணைப்பையும் எடுத்த பிறகே உள்ளே கை வையுங்கள். கை நடுக்கம் இருந்தால் தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுங்கள், அதில் வெட்கமில்லை. கழற்றிய பழைய ரேமையும் டிஸ்க்கையும் தூக்கி எறியாதீர்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது அவற்றையே மாட்டிக் கொடுத்தால், "வெளி ரேம்தான் காரணம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இன்னொரு பெரிய அநியாயம், ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து விற்பது. அதில் வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம்மால் கூட்ட முடியாது. மெலிதாக இருக்கிறதே என்று மயங்காமல், "கூடுதல் ரேம் ஸ்லாட் உண்டா?" என்று கேட்ட பிறகு பணத்தை எடுங்கள்.

அடுத்த முறை யாராவது வாரண்டி போய்விடும் என்றால் குரலை உயர்த்த வேண்டாம். "அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு தம்பி" என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் சொல்ல ஆதாரம் கையில் இருக்கும். கொடுக்காவிட்டால், மிரட்டல் வெறும் வாய்ச்சொல்தான் என்று அவரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.